பிந்தி முடியும் உறுதிகள்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் முதல் வீடு வாங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வீட்டின் அறைகளைப் பற்றியோ கிணற்றுத் தண்ணீரைப் பற்றியோ சொல்வதற்கு முன்னர், உறுதி முடித்த பாட்டைத்தான் சொல்வார்கள். விலை பேசியாயிற்று, நாள் பார்த்தாயிற்று, நொத்தாரிசின் கந்தோரில் இரு பகுதியாரும் கூடியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு கையெழுத்துக் குறைகிறது. அல்லது காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதியில் எவரும் அறியாத ஒரு பதிவு தென்படுகிறது. பேசிய நாள் தவறுகிறது, மாதங்கள் போகின்றன, வாங்க வந்த குடும்பம் வாடகை வீட்டிலோ பெற்றோர் வீட்டின் விறாந்தையிலோ இன்னொரு மாரியைக் கழிக்கிறது. கடைசி நேரத்தில் சட்டம் குறுக்கே விழுந்துவிட்டது என்றுதான் ஊரில் இதற்குப் பெயர். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு உறுதிகளைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் வளர்ந்த நினைவிலிருந்து நான் வேறொன்று சொல்ல விரும்புகிறேன். இந்தத் தாமதங்களில் பெரும்பாலானவை கடைசி நேரத்தில் பிறப்பவை அல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் காணிக்குள் கிடந்தவை அன்றைக்குத்தான் கண்ணில் படுகின்றன. ஆகவே அவற்றைச் சுற்றிக் கடந்து போக வழி தேடுவது பிழை. தேடலை விலை பேசுவதற்கு முன்னாலேயே செய்துவிடுவதும், வரவேண்டிய கையெழுத்து வரும்வரை பணத்தைக் காத்துக்கொண்டு பொறுத்திருப்பதுமே முதல் வீடு வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

ஒரு பழைய உறுதியின் அட்டவணையை விரித்து வாசித்தால் இது விளங்கும். முதலில் காணியின் பெயர் இருக்கும். புளியடி வளவு, கிணற்றடித் தோட்டம் என்பதுபோல. அடுத்து இத்தனை பரப்பு வரகு, இத்தனை குழி என்று அளவு வரும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். அதற்குள்ளே விற்கப்படுவது பெரும்பாலும் முழுக்காணி அல்ல, வடகிழக்குப் பக்கத்து இரண்டு பரப்பு என்றோ, பிரிவிடாத நான்கிலொரு பங்கு என்றோ எழுதியிருக்கும். பிறகு எல்லைகள்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் மனைவியுடைய சீதனக் காணி, மேற்கே இன்னாரும் பங்காளிகளும். அந்த இன்னார் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும், அவருடைய சீதனக் காணி அதற்குள் மூன்றாகப் பிரிந்திருக்கும். கடைசியில் கல்வீடு, பனைகள், கிணற்றில் பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போகும் வழி வாய்க்கால் உரிமை. இந்தக் கடைசி வரியை அவசரத்தில் வாசிக்காமல் விடுபவர் பலர். உவர் கண்ட மண்ணில் நன்னீர் ஊறும் கிணறு எல்லா வளவிலும் இருப்பதில்லை. கிணற்றுப் பங்கு விடுபட்ட உறுதியோடு வீடு வாங்கியவர் கோடையில் பவுசருக்காகக் குடத்தோடு காத்து நிற்க நேரும். நில அளவைப் படம் இல்லாத இத்தகைய உறுதியைக் கையில் எடுத்ததும் நல்ல நொத்தாரிசு கேள்வி கேட்கத் தொடங்குகிறார். கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மாதம் போகலாம். ஆனால் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பிறகு நீதிமன்றத்தில் பத்து ஆண்டு போகும்.

கேள்விகள் ஏன் இவ்வளவு பெருத்தன என்பதற்கு விடை தீவகத்தின் அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியதை அடுத்துச் சனம் ஊர் ஊராகக் கிளம்பியது. யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, தமிழ்நாடு என்று தொடங்கிய ஓட்டம் ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், லண்டன் வரை நீண்டது. புங்குடுதீவில் கூரை இழந்து சுவர் மட்டும் நிற்கும் வீடுகளுக்கு இன்றும் உடையவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அல்ல, ஐந்து பேர், எட்டுப் பேர், மூன்று கண்டங்களில். உறுதியைக் கையோடு கொண்டுபோனவர்களும் உண்டு, பெட்டகத்தோடு விட்டுப்போனவர்களும் உண்டு. மூல உறுதி தொலைந்தது பெரிய இடர் அல்ல. நொத்தாரிசின் கையில் ஒரு படி, பதிவகத்தில் ஒரு படி என்று சட்டமே மேலும் இரண்டைக் காத்து வைக்கிறது. ஆள் தொலைந்ததுதான் இடர். தகப்பன் பாரிசில் இறந்திருப்பார், மரணச் சான்றிதழ் பிரெஞ்சு மொழியில் இருக்கும், அதைச் சத்தியமொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்க வேண்டும். ஒரு பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டிருக்கும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்தப் பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம், 2016இல் வந்த திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். எதை எடுப்பது என்பது ஒரு தாய்க்கு அலுவலகக் கேள்வி அல்ல. மகன் இறந்துவிட்டான் என்று கையெழுத்திட மறுக்கும் தாயின் முன்னால், எங்கள் வீட்டு உறுதி பிந்துகிறது என்று நிற்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இவற்றோடு தேசவழமை சேர்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட வழமை அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றையும் பிரித்தறியாமல் இங்கே காணி வாங்க முடியாது. தகப்பன் பெயரில் மட்டுமே உறுதி இருக்கும்; ஆனால் திருமணத்துக்குப் பின் உழைப்பில் வாங்கிய காணியானால் அது தேடியதேட்டம், அதில் தாயின் உரிமையையும் பார்க்க வேண்டும். சீதனக் காணியை ஒரு பெண் விற்பதானால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தன் சொத்தை விற்க ஒரு பெண் இன்னொருவரிடம் சம்மதம் கேட்பது அநீதி. அந்த விதி எப்போதோ போயிருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆயினும் விதி நூலில் இருக்கும்வரை, அதை மறந்து முடித்த உறுதி பலவீனமான உறுதி. கணவன் பிரிந்துபோனால், இருக்குமிடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம் என்று அதே சட்டம் வழியும் வைத்திருக்கிறது. அந்த மனுவை விலை பேசுமுன் போட்டால் அது ஒரு ஆயத்தம். உறுதி எழுத இருந்த காலையில் நினைவு வந்தால் அதுவே கடைசி நேரச் சிக்கல்.

இப்படிப் பொறுத்திருக்கச் சொல்வதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, முன்வாங்கும் உரிமையைப் பற்றியது. பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் கொடுத்து, அவர்கள் வாங்காவிட்டால்தான் வெளியாருக்கு விற்கலாம் என்பது 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இது சாதிக்காவலுக்கும் குடும்பக் காவலுக்கும் வைத்த வேலி, வெளியாரை ஊருக்குள் விடாமல் தடுக்கும் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படிப் பயன்படுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள், நிலமற்றவர்களுக்குக் காணி விலைப்படாமல் செய்ததில் இந்த உரிமைக்குப் பங்கு உண்டு. பழைய வழமையில் இன்னும் அகலமாக இருந்த உரிமையை 1947இல் குறுக்கியதும் நல்லதே. ஆனால் இன்று தீவகத்தில் இதன் மறுபக்கமும் தெரிகிறது. ஊரில் நிற்கும் ஒரே சகோதரன், வெளியில் இருக்கும் ஆறு பேருக்குச் சொல்லாமல் தாய்வீட்டை விற்க முனையும்போது, அந்த ஆறு பேருக்கும் செய்தி போய்ச் சேர இந்த அறிவித்தல் ஒரு வழி. வாங்குபவருக்கும் அது நன்மை. அறிவித்தல் கொடுக்காமல் முடித்த உறுதியை எதிர்த்து, அது பதிவான பின்னும் பங்காளி வழக்குப் போட முடியும். புது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்கும்போது அழைப்பாணை வந்து சேர்வதைவிட, உறுதிக்கு முன் சில வாரம் காத்திருப்பது இலேசான துன்பம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பலமானது. பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் காணி சொந்தம் என்பது 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம். அப்படியிருக்க வெளிநாட்டில் இருப்பவர்களின் கையெழுத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும், ஆட்சியில் இருப்பவரிடம் வாங்கிக் குடியிருந்தால் காலம் குறையைத் தீர்த்துவிடுமே என்பார்கள். ஊர்ப்பேச்சில் இதற்கு மிகுந்த செல்வாக்கு உண்டு. ஆனால் இரண்டு தடைகளை இது மறக்கிறது. பங்காளிகளில் ஒருவரின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே, மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியதைக் காட்டாமல் அவர்களுக்கு எதிராகக் காலம் ஓடாது என்று கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் 1911இலேயே தீர்த்துவைத்தது. மிக நீண்ட காலம் தனியே அனுபவித்தால் விலக்கியதாக ஊகிக்கலாம் என்று பின்வந்த தீர்ப்புகள் இடம் கொடுத்தன. அந்த ஊகத்தை வழக்காடித்தான் பெற வேண்டும், கந்தோரில் எழுதி வாங்க முடியாது. அடுத்தது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். போரால் தங்கள் காணிக்குத் திரும்பவோ வழக்குப் போடவோ முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று அது சொன்னது. அதைப் பயன்படுத்தி வழக்குப் போட வைத்த இரண்டு ஆண்டுத் தவணை முடிந்துவிட்டது உண்மை. ஆனால் அந்தத் தவணைக்குள் போட்ட வழக்கு ஏதேனும் உங்கள் காணியின் மேல் நிற்கிறதா என்பது பதிவகத்தின் ஏட்டைப் புரட்டினால்தான் தெரியும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்று அங்கே பதிவாகியிருந்தால், அதன் பிறகு எழுதும் விற்பனை உறுதி செல்லாது என்று 1977ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. முப்பது ஆண்டுத் தேடல் வேண்டும் என்று கடன் கொடுக்கும் வங்கியின் சட்டத்தரணி அடம்பிடிப்பது இதனால்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோனித் தத்துவத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தீவகத்து விற்பனைகளில் மிகப் பெரும் பகுதி அதன் மேல் நடக்கிறது. தூதரகத்தில் கையெழுத்தாகி வந்த தாளைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தத் தாளுக்கு உயிர். அவர் கனடாவில் கண்மூடிவிட்டால், அதன் பிறகு ஊரில் அதை வைத்து எழுதும் உறுதி நிற்காது. அவருடைய பங்கு உரித்தாளர்களுக்குப் போய்விடும், மரணசாதன வழக்குத் தேவைப்படும். ஆகவே நொத்தாரிசு கடைசி நாளன்று, கொடுத்தவர் நலமாக இருக்கிறாரா, தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாமா என்று கேட்டால் கோபிக்கக்கூடாது. அதே மேசையில் வாங்குபவரின் குடியுரிமையும் கேட்கப்படும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாக, வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. பிறந்த ஊரில் ஒரு வீடு வாங்க ஆசைப்பட்டு வந்த நயினாதீவுக்காரர், இரட்டைக் குடியுரிமை எடுக்காதவரானால் சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. இது அவருக்கு நெஞ்சில் குத்தும். விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் தெரிந்திருந்தால் அந்த வலியில் ஒரு பகுதியாவது குறையும்.

நெடுந்தீவுக்காரருக்குச் சட்டத்தோடு கடலும் உண்டு. விற்பவர், இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்திட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை தாம்போதிகளைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. வாடைக் காற்று எழுந்து படகு நின்றால் அன்றைய உறுதி இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பப்படும் வயோதிபர் மறுநாள் வர முடியாது. நில அளவையாளரை அழைத்துப் போவதும் அப்படித்தான். பவளக் கல் அடுக்கிய மதில்களுக்கு நடுவே எல்லை தேடி முடிக்குமுன் கடைசிப் படகுக்கு நேரமாகிவிடும். இந்தத் தாமதத்தை நான் எந்த நியாயத்தாலும் காக்க மாட்டேன். இல்லாதவரின் உரிமையைக் காக்கும் தாமதம் வேறு, ஊரில் இருப்பவரை அலைக்கழிக்கும் தாமதம் வேறு. பதிவகமும் பிரதேச செயலகமும் சட்ட உதவியும் ஒன்றுசேர்ந்து தீவுக்குப் போய் நடமாடும் சேவை நடத்தினால் பின்னதைப் பெருமளவு நீக்கலாம்.

இனி மிகக் கடினமான மறுப்பு. காத்திருக்கச் சொல்வது வசதியானவருக்குப் பொருந்தும். ஊரில் கிடந்து உழைக்கும் கடற்றொழிலாளியும் இளம் ஆசிரியையும் ஏன் வெளியூரில் வாழ்பவர்களின் அலட்சியத்துக்குப் பலியாக வேண்டும்? விலை ஏறுகிறது, தங்கை கலியாணம் நெருங்குகிறது, வங்கி ஒப்புக்கொண்ட கடனுக்குத் தவணை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு முழுமையான விடை என்னிடம் இருப்பதாகச் சொல்லமாட்டேன், ஆனால் பாதி விடை பணம் எப்போது கைமாறுகிறது என்பதில் இருக்கிறது. நம்மவர்கள் அச்சாரத்தைத் துண்டுக் கடிதத்தில் எழுதி வாங்குகிறார்கள். காணி விற்பதாகச் செய்யும் உடன்பாடும் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம். துண்டுக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது. ஆகவே முற்பணம் கொடுப்பதானால் உடன்படிக்கை உறுதியாக எழுதி, எந்தக் கையெழுத்து எந்தத் திகதிக்குள் வரவேண்டும், வராவிட்டால் பணம் எப்போது திரும்ப வேண்டும், கிணற்றுப் பங்கும் ஒழுங்கையும் சேர்ந்தனவா என்பதை அதில் வைத்து, அதைப் பதிவகத்தில் பதிந்துவிட வேண்டும். பதிந்த உறுதி பதியாத உறுதியை வெல்லும் என்பது 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம். மாதத்தில் முடித்த உறுதிகளின் படிகளை நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பலாம் என்று தவணை இருப்பதால், கையெழுத்துக்கும் பதிவுக்கும் இடையில் ஒரு இடைவெளி விழுகிறது. உடனே பதியும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை, கூச்சப்படத் தேவையில்லை. முத்திரைத் தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதுவோம் என்று கடைசி நேரத்தில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமுமான தீர்வையில் மிச்சம்பிடித்த தொகை, பிறகு வழக்கு வந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் உங்களுக்கே எதிராக நிற்கும்.

அவசரம் யாரைத் தாக்குகிறது என்பதற்கு அண்மையில் ஒரு சாட்சி கிடைத்தது. 2025 மார்ச் 28இல் வெளிவந்த வர்த்தமானி வடமாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் அரச காணியாகும் என்ற வகையில் அமைந்திருந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்கும் உறுதி தொலைத்தவர்களுக்கும் கடல் கடந்தவர்களுக்கும் மூன்று மாதம் எதற்குப் போதும்? எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசு அதை மீளப்பெற்றது. அன்று நாம் எல்லோரும் ஒரே குரலில் கேட்டது அவகாசம். அரசிடம் நமக்காகக் கேட்ட அவகாசத்தை, பக்கத்து வளவின் பங்காளிக்கு வீடு வாங்கும் நேரத்தில் மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் அவகாசம் கேட்பவருக்குக் கடமையும் உண்டு. புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் உங்கள் பெயரில் கால் பங்கோ அரைக்கால் பங்கோ கிடக்கிறதா என்று, வெளியில் வாழும் உறவுகள் இந்த ஆண்டே விசாரியுங்கள். சகோதரர்களோடு பேசுங்கள், இறந்தவர்களின் சான்றிதழ்களை எடுத்து மொழிபெயர்த்து வையுங்கள். வைத்திருக்கப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா, ஊரில் நிற்பவருக்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று முடிவெடுத்து, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்திடுங்கள். உங்கள் வளவில் குடியேற ஆசைப்பட்டு, உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் குடும்பம் தீவகத்தை விட்டுப் போகாமல் அங்கேயே வாழ நினைக்கும் குடும்பம்.